குப்பை என்னும் சொல் இழந்த பொருள்

குப்பை என்ற சொல்லுக்கு நகரத்தில் ஒரே பொருள்தான்: வெளியேற்றப்பட வேண்டியது. உழவர் பேச்சிலோ அதற்கு எரு என்ற பொருளும் உண்டு. வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் எருவைக் கொண்டுபோய்க் கொட்டுவது. நகரம் இந்தப் பொருளை மறந்தபோது ஒரு பொறுப்பையும் சேர்த்தே மறந்தது.

இம்மறதியில் நம் பல்கலைக்கழகங்களுக்குத் தனியிடம் உண்டு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்குவோரைத் தனி வகையாகப் பிரித்து, பல்கலைக்கழகங்களையும் விடுதிகளையும் பெயர் சொல்லியே அதில் சேர்த்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மக்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றன. ஓராண்டு அவகாசமும் தந்தன. 'இயன்றவரை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை வளாகங்கள் ஒளிந்துகொண்டன! தர மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் வண்ணத் தொட்டிகள் முளைக்கின்றன. குழு போனதும் எல்லாம் ஒரே வண்டியில் ஏறுகின்றன.

தொழில்நுட்பம் இல்லை என்பது பொய். ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் வகுத்த உரமாக்கும் முறை 1931இலேயே நூலாக வெளிவந்து, ஊரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. நாற்றம் வரும் என்பது அடுத்த சாக்கு. ஈரமும் நைட்ரஜனும் மிகுந்து காற்று புகாதபோதுதான் குவியல் நாறும். அதற்கு மருந்து கரிமம் மிகுந்த காய்ந்த சருகு. கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற அளவில் அமைந்து, அவ்வப்போது கிளறிவிட்டால் நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்துவிடும். நம் வளாகங்களிலோ சோறு லாரிக்குப் போகிறது, சருகு தீக்குப் போகிறது.

லாரி எங்கே போகிறது? திருவனந்தபுரத்தின் கழிவைச் சுமந்த விளப்பில்சாலா கிராமம் போராடி, 2011 டிசம்பரில் அந்த ஆலையை மூடவைத்தது. கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கில் 2023 மார்ச்சில் பற்றிய தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்தது. ஆலப்புழையில் சர்வோதயபுரம் மக்கள் வண்டிகளை மறித்த பின், அந்நகரம் வீட்டுக் குழாய் உரத்துக்கும் தெருமுனை உரத் தொட்டிகளுக்கும் மாறியது. கொட்ட இடமில்லை என்றானதும் வழி பிறந்துவிட்டது.

உண்மையான தடை 'எச்சில்' என்ற சொல்லில் இருக்கிறது. பிறர் எச்சிலைத் தொடுவதை இழிவாக்கி, அவ்விழிவைச் சில சாதிகளின் தலையில் சுமத்திய சமூகம் இது. தட்டில் எஞ்சிய சோற்றையும் நெகிழி உறையையும் ஒரே தொட்டியில் கவிழ்க்க ஒரு நொடி போதும். அதைப் பிரிக்கத் தூய்மைப் பணியாளரின் விரல்கள் வேண்டும். சாதி ஒழிப்பைப் பாடமாகக் கற்பிக்கும் வளாகத்திலும் உணவுக்கூடத் தொட்டி நாள்தோறும் மூன்று வேளை அதே பாடத்தை மறுக்கிறது.

கேட்க வேண்டியவை எளியவை. உண்டவரே பிரித்துப் போடட்டும். சருகு எரிப்பது நிற்கட்டும். உணவுக்கூடக் கழிவின் அன்றாட எடை அறிவிப்புப் பலகையில் ஏறட்டும். உரக்குழியில் பணிபுரிவோருக்கு நிரந்தர வேலையும் முறையான ஊதியமும் கிடைக்கட்டும். இவற்றைச் செய்யாத நிறுவனம் நீடித்த வளர்ச்சி குறித்து இன்னொரு கருத்தரங்கு நடத்தினால், அங்கே பரிமாறும் மதிய உணவின் மிச்சம் எந்த ஊருக்குப் போகிறது என்பதே முதல் கேள்வியாக எழட்டும்.