காய்ச்சல் பரவுவது தெருமுனை டாக்டருக்கு முதலில் தெரிகிறது... அரசுக்கு ஏன் தாமதமாகத் தெரிகிறது?

மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். தெருமுனை கிளினிக்கில் வழக்கமாக இருபது டோக்கன் போகிற இடத்தில் நாற்பது டோக்கன் போகும். வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு நாளா காய்ச்சல் டாக்டர், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது." ஊருக்குள் ஏதோ பரவுகிறது என்பது அந்த டாக்டருக்கு அன்று மாலையே புரிந்துவிடும். டோக்கன் கொடுக்கிறவருக்கும், பக்கத்து மெடிக்கல் ஷாப்காரருக்கும்கூடப் புரிந்துவிடும்.

அதே விஷயம் சுகாதாரத்துறையின் கணக்கில் ஏற எத்தனை நாள் ஆகும்? டெங்கு மாதிரியான நோயில் இந்த இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

டெங்கு கணக்கில் எப்போது ஏறும்?

காய்ச்சல் வந்த முதல் ரெண்டு நாள் பலர் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். அப்புறம் கிளினிக். காய்ச்சல் விடாவிட்டால் நாலாவது, ஐந்தாவது நாள் ரத்தப் பரிசோதனை. தனியார் லேபில் பெரும்பாலும் 'கார்டு டெஸ்ட்' எடுப்பார்கள். ஆனால் தேசிய அளவிலான டெங்கு திட்டத்தில் உறுதியான பாதிப்பாக எடுத்துக்கொள்ளப்படுவது எலைசா முறைப் பரிசோதனையின் முடிவு. கார்டு டெஸ்ட் பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது. அந்த மாதிரி இன்னொரு லேபுக்குப் போய், முடிவு வந்து, மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சேர்வதற்குள் ஒரு வாரம், பத்து நாள் சாதாரணமாக ஓடிவிடும்.

இப்போது கொசுவின் கணக்கைப் பார்ப்போம். காய்ச்சல் தொடங்கி சுமார் ஐந்து நாள் வரை நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கு வைரஸ் போகும். கொசுவின் உடலில் வைரஸ் பெருகி, அது அடுத்தவருக்குப் பரப்பத் தயாராக 8 முதல் 12 நாள் ஆகும். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் 4 முதல் 10 நாள்.

அதாவது முதல் நோயாளிக்கும் அதே தெருவில் அடுத்த நோயாளிக்கும் இடையே ரெண்டு, மூன்று வார அவகாசம் இருக்கிறது. ஏடிஸ் கொசு ரொம்ப தூரம் பறக்காது, பிறந்த இடத்தைச் சுற்றி சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். இரண்டாவது, மூன்றாவது நாளே தகவல் கிடைத்தால், டிபிசி பணியாளர்கள் எந்தத் தெருவில் தொட்டியையும் டயரையும் பார்க்க வேண்டும், எங்கே புகை மருந்து அடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பத்தாவது நாள் தகவல் வந்தால் கொசு ஏற்கெனவே தயார். அப்போது வந்து அடிக்கிற புகை, வந்தோம் என்று காட்டத்தான் உதவும்.

2017-ல் தமிழ்நாட்டில் அரசு கணக்குப்படி 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியானது, 65 பேர் இறந்தார்கள். இது உறுதியான எண்ணிக்கை மட்டும். கிளினிக்கோடு சரியாகிப் போனவர்கள் இதில் இல்லை.

அப்போ எல்லா டாக்டரும் எல்லா காய்ச்சலையும் எழுதி அனுப்பணுமா?

தேவையில்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

நோயைக் கண்காணிக்க ரெண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொரு நோயாளியையும் எண்ணுவது. காலரா, டிப்தீரியா, காசநோய் போன்றவற்றுக்கு இது அவசியம். ஒருவரைத் தவறவிட்டாலும் ஆபத்து. இன்னொன்று, சில டாக்டர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, வாராவாரம் அவர்களிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்கு என்ன தொந்தரவு என்று கேட்பது. ஃப்ளூ, அம்மை, வயிற்றுப்போக்கு மாதிரி ஊரில் எல்லாருக்கும் வந்துபோகிற நோய்களுக்கு இது போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற அதே கதைதான். ஆனால் எடுக்கிற சோறு பானையின் மேல்பக்கத்திலிருந்து மட்டும் இருக்கக்கூடாது. நகரத்துப் பெரிய கிளினிக்குகளை மட்டும் சேர்த்தால் குடிசைப் பகுதிக் காய்ச்சல் கணக்கில் வராது.

பிரிட்டனில் இந்த இரண்டாவது வழி 1957 முதல் நடக்கிறது. பொது மருத்துவர்களின் ராயல் கல்லூரி நடத்தும் வலையமைப்பு அது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப மருத்துவ மையங்களின் கணினிப் பதிவுகளிலிருந்து தகவல் தானாகவே போகிறது. டாக்டர் தனியாக எதையும் நிரப்ப வேண்டியதில்லை. சில மையங்கள் நோயாளிகளின் மூக்கு, தொண்டை மாதிரியும் எடுத்து அனுப்புகின்றன. அந்த ஆண்டு சுற்றுவது எந்த வைரஸ், போட்ட தடுப்பூசி எவ்வளவு பலன் தருகிறது என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரிகிறது.

இதற்கும் முன்னோடி ஒரு கிராமத்து டாக்டர். பெயர் வில்லியம் பிக்கிள்ஸ். வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு பள்ளத்தாக்கின் சில கிராமங்களுக்கு அவர்தான் டாக்டர். 1929-ல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. யார் யாரைச் சந்தித்தார், எந்த நாளில் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார் பிக்கிள்ஸ். காலையில் படுக்கையில் கிடந்த ஒரு பணிப்பெண் மதியம் எழுந்து ஊர் விழாவுக்குப் போய்விட்டார். அந்த விழாவுக்கு வந்தவர்களுக்குப் பின்னால் காமாலை வந்தபோது, தொற்று உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட எத்தனை நாள் ஆகும் என்பது தேதியோடு சிக்கியது: 26 முதல் 35 நாள். லேப் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. தன் நோயாளிகளை முகம் தெரிந்து வைத்திருந்த ஒரு டாக்டர், ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். 1939-ல் அதை அவர் புத்தகமாகவே எழுதினார்.

பிரான்ஸ் 1984-ல் இதே மாதிரி ஒரு வலையமைப்பைத் தொடங்கியது. இணையம் பரவாத காலம். டாக்டர்கள் மினிடெல் என்ற தொலைபேசி வழி டெர்மினலில் தகவலைத் தட்டி அனுப்பினார்கள்.

வேலூரில் ஒரு போஸ்ட் கார்டு

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை, நம்ம ஊருக்குச் சரிப்படாது என்று தோன்றலாம். ஆனால் நம்ம ஊரிலேயே நடந்திருக்கிறது.

1980-களில் அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் நோய் நிபுணர் டி.ஜேக்கப் ஜானும் அவரது குழுவும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். தனியார் மற்றும் தொண்டு மருத்துவமனைகள், முக்கியமான அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் அச்சடித்த அஞ்சல் அட்டைகள். குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்று என்று சந்தேகம் வந்தாலே போதும், அட்டையை நிரப்பித் தபாலில் போட்டுவிட வேண்டும். லேப் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது அட்டையை அல்ல, அட்டைக்குப் பதிலாக டாக்டருக்கு என்ன கிடைத்தது என்பதை. மாதாமாதம் ஒரு செய்தி மடல் வந்தது. மாவட்டத்தில் எங்கே என்ன நோய், எத்தனை பேர், அதற்கு என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கும். நார்த் ஆற்காட் டிஸ்ட்ரிக்ட் ஹெல்த் இன்ஃபர்மேஷன் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'நதி' என்று பெயர் வைத்தார்கள். பாலாறு ஓடுகிற மாவட்டத்துக்கு ஏற்ற பெயர்தான்!

1998-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த அனுபவத்தை அவர்கள் எழுதினார்கள். ஆண்டுச் செலவு தலைக்கு ஒரு அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவு. வெற்றிக்கு அவர்கள் சொன்ன காரணங்கள்: எளிமையான முறை, நேரடிப் பழக்கம், தவறாமல் வந்த மடல், அப்புறம் தகவல் சொன்னால் நிஜமாகவே நடவடிக்கை எடுக்கப்பட்டது. 1999-ல் கேரளாவின் கோட்டயம் மாவட்டம் இதே முறையை எடுத்துக்கொண்டது. அங்கே வந்த அட்டைகளில் எலிக்காய்ச்சல் பற்றியவை நிறைய.

சட்டம் இருக்கே, அது போதாதா?

பிக்கிள்ஸ் புத்தகம் எழுதிய அதே 1939-ல்தான் மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டமும் வந்தது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோய்களைக் கண்டால் டாக்டர் தகவல் தர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. இன்றைக்கும் நடைமுறையில் உள்ள சட்டம். ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பதால் மட்டும் தகவல் வந்துவிடுவதில்லை.

காசநோயில் இதை நன்றாகப் பார்க்கலாம். தனியார் டாக்டர்களும் காசநோயாளிகளைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2012 மே மாதம் உத்தரவிட்டது. உத்தரவு மட்டும் இருந்த ஆண்டுகளில் தனியாரிடமிருந்து வந்த பதிவு குறைவு. பிறகு நிக்‌ஷய் இணையதளம் எளிதாக்கப்பட்டது, களப்பணியாளர்கள் கிளினிக்குகளுக்கே போய்ப் பதிவு வாங்கினார்கள், பதிவு செய்யும் டாக்டருக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். 2018-ல் தண்டனைப் பிரிவுகளையும் சேர்த்தார்கள். எண்ணிக்கை ஏறியது. தண்டனை பயத்தால் ஏறியதா, வேலையை யாரோ எளிதாக்கியதால் ஏறியதா என்று கேட்டால், கிளினிக்கில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

இப்போ இந்தியாவில் என்ன இருக்கு?

2004 நவம்பரில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. மூன்று படிவங்கள். கிராம சுகாதார ஊழியர் அறிகுறிகளை வைத்து நிரப்புவது எஸ் படிவம், டாக்டர் தன் கணிப்பை வைத்து நிரப்புவது பி படிவம், லேப் நிரப்புவது எல் படிவம். வாரம் ஒருமுறை போகும். 2021 ஏப்ரலில் இது முழுக்க டிஜிட்டல் தளத்துக்கு மாறியது. தகவல் உடனுக்குடன் போக வழி வந்துவிட்டது.

ஆனால் தகவல் தருபவர்களில் பெரும்பகுதி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களும் மருத்துவமனைகளும். மக்கள் போவது எங்கே? 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் சிகிச்சை எடுத்த உடல்நலக் குறைவுகளில் அரசு மருத்துவமனைகள் பார்த்தது சுமார் 30 சதவீதம். தனியார் டாக்டர், கிளினிக் என்று போனது 40 சதவீதத்துக்கும் மேல். காய்ச்சல் முதலில் போகிற இடம்தான் கணக்கில் மிகக் குறைவாக இருக்கிறது.

டாக்டர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை தனியாளாக அறுபது பேரைப் பார்க்கிறவருக்கு இன்னொரு ஆப், இன்னொரு பாஸ்வேர்டு என்பது சுமை. டெங்கு என்று சொன்னால் அதிகாரிகள் வந்து கேள்வி கேட்பார்களோ, நோயாளி வேறு கிளினிக்குக்குப் போய்விடுவாரோ என்ற தயக்கமும் உண்டு. சொல்லிவிட்ட பிறகு பதிலுக்கு ஒன்றுமே வராது என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய சலிப்பு.

பிரிட்டன் முறையை அப்படியே கொண்டுவரவும் முடியாது. அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவாகியிருப்பதால், லட்சம் பேரில் இத்தனை பேருக்கு ஃப்ளூ என்று சொல்ல முடிகிறது. இங்கே ஒரே காய்ச்சலுக்கு ஒருவர் மூன்று டாக்டரைப் பார்ப்பார். ஆகவே லட்சத்துக்கு எத்தனை என்ற கணக்கு வராது. ஆனால் அன்றைக்கு வந்த நூறு பேரில் எத்தனை பேர் காய்ச்சல், போன வாரம் எத்தனை என்ற கணக்கு வரும். போக்கைப் பிடிக்க அது போதும். நோயாளியின் பெயர்கூட வேண்டாம். வயது, வார்டு, அறிகுறி இருந்தால் ஆயிற்று. சந்தேகத்தின் பேரில் வருகிற தகவல் என்பதால் சில சமயம் போய்ப் பார்த்தால் சாதாரண வைரல் காய்ச்சலாக இருக்கும், அலைச்சல்தான்.

ஒரு மாநகராட்சியில் வார்டுக்கு ரெண்டு கிளினிக், திங்கட்கிழமைதோறும் ரெண்டு எண்கள் கொண்ட ஒரு மெசேஜ்: மொத்தம் எத்தனை பேர், அதில் காய்ச்சல் எத்தனை. வெள்ளிக்கிழமைக்குள் மாவட்ட நிலவரம் அதே டாக்டர்களின் போனுக்குத் திரும்பி வர வேண்டும். வேலூரில் இதைத் தபால்காரரை வைத்தே செய்தார்கள்.