பழைய கார் படுத்துவிட்டால் பழி யாருக்கு?

தோட்டத் தொழிலாளி கார் வாங்குவதைக் கண்டு முகம் சுளிப்போர் இன்னமும் இருக்கிறார்கள். "இவனுக்கு எதற்குக் கார்?" என்பது அவர்கள் கேள்வி. பஸ் எட்டிப் பாராத செம்மண் சாலையின் கோடியில் குடியிருப்பவன், மகளை இரவு வேலைக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு எப்படி அனுப்புவான்? நெஞ்சுவலி கண்ட தாயை ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பான்? அதை அவர்கள் யோசிப்பதில்லை. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும், புரோட்டோன் சாகா சாலைக்கு வந்ததும் 1985-ஆம் ஆண்டில். அதன் பின் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. கார் இன்று ஆடம்பரம் அன்று. பால்வெட்டுக்கு உளி எப்படியோ, பிழைப்புக்குக் கார் அப்படி.

ஆனால் நம் கைப்பணத்துக்குக் கிடைப்பது பழைய கார்தான். குழியும் அங்கேதான் இருக்கிறது.

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நாம் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறோம். ஜார்ஜ் டவுனில் ஒரு விற்பனை இடத்தில் ஒன்பது வருடம் ஓடிய கார் ஒன்றை 18,000 வெள்ளிக்கு வாங்கினோம். சேமநிதியிலிருந்து எடுத்த பணம் கொஞ்சம், மிச்சம் வங்கித் தவணை. வண்டி பளபளவென்று இருந்தது. எஞ்சின் சத்தமே இல்லை. மூன்றாம் வாரம் பாலத்தின் நடுவே, மாலை நெரிசலில், எஞ்சின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது, 4,200 வெள்ளி ஆகும்" என்றார்.

விற்றவரிடம் ஓடினோம். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று ஒரு தாளை நீட்டினார். 'உள்ள நிலையிலேயே பெற்றுக்கொள்கிறேன், பிறகு எந்தப் பொறுப்பும் இல்லை' என்று அதில் இருந்தது. கையெழுத்து நம்முடையதுதான். பிறர் மனுவையெல்லாம் வரி விடாமல் படித்துத் திருத்திக் கொடுக்கும் நாம், நம் தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டோம். அந்த வெட்கத்தில் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. வண்டி மரத்தடியில் கிடந்தது. தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

தோழர்களே, அந்த வெட்கம்தான் மோசமான வியாபாரியின் முதலீடு! ஏமாந்தவன் வெளியே சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில்தான் அவன் அடுத்தவனுக்கும் அதே தாளை நீட்டுகிறான்.

இது ஏதோ படிப்பில்லாதவனின் முட்டாள்தனம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-ஆம் ஆண்டில் பழைய கார் வியாபாரத்தையே உதாரணமாக எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எது நல்ல வண்டி என்று தெரியாததால் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கிடைக்கிறது. நல்ல வண்டிக்காரன் அந்த விலைக்குக் கட்டாது என்று விலகிக்கொள்கிறான். சந்தையில் மிஞ்சுவது கெட்ட வண்டி. இதுவே அவர் சொன்னதன் சாரம். 2001-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆகவே குற்றம் நம் மூளையில் இல்லை. குறை ஒரு பக்கத்துக்கு மட்டுமே தெரிந்த வியாபாரத்தில் இருக்கிறது.

அப்படியானால் தெரிந்துகொள்வதே முதல் வேலை. தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி பட்டையைப் பார்த்தே காய்ந்த மரத்தைச் சொல்லிவிடுவார். தராசைப் பார்க்காமல் பாலை ஊற்றிவிட்டு வருகிறவர் நம்மில் உண்டா? அந்தக் கண்ணைக் காரிடமும் காட்டுவோம்.

வண்டியைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். நாம் போகுமுன்பே எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தால், காலையில் மட்டும் காட்டும் நோய் மறைந்துவிடும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்புங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்து, எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த கோப்பி போல் படிந்திருந்தால், தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது என்று சந்தேகிக்கலாம். ஐந்து நிமிட ஓட்டம் போதாது. கியர்பாக்ஸ் கோளாறு பல வண்டிகளில் சூடேறிய பிறகே தலைகாட்டும். அரை மணி நேரமாவது நெரிசலிலும் மேட்டிலும் ஓட்ட வேண்டும்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்தில் கிடந்த வண்டியைக் கழுவித் துடைத்து மெருகேற்றி விற்பது கடினமான காரியம் அன்று. சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருக்கிறதா என்று. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டின் அடி ஆணிகளில் துருவைத் தேடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனை நடந்ததே என்று சிலர் நிம்மதி கொள்கிறார்கள். அது எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சரியா, வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்ப்பது. கியர்பாக்ஸ் எத்தனை மாதம் தாங்கும் என்று அது சொல்லாது. நம் சொந்தப் பட்டறைக்காரரை அழைத்துப் போவதே வழி. அவருக்குக் கொடுக்கும் நூறோ இருநூறோ நஷ்டம் அன்று. அவரைக் கண்டு விற்பவர் முகம் மாறினால், அதுவே பதில்.

இத்தனையும் செய்தும் வண்டி படுத்துவிட்டால்? 'பொறுப்பில்லை' என்ற தாள் கடைசி வார்த்தை அன்று. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமையை ஒப்பந்தம் எழுதிப் பறிக்க முடியாது. பழைய பொருளுக்கும் இது உண்டு. ஆனால் விலையையும் வயதையும் வைத்தே தரம் அளக்கப்படும். முன்கூட்டிச் சொல்லப்பட்ட குறைக்கு வழக்கில்லை. தனி ஆள் தன் சொந்தக் காரை விற்றால் இச்சட்டம் கைகொடுக்காது. தவணைக் கொள்முதல் சட்டமும் வேறு. பழைய பொருளுக்குத் தர உத்தரவாதம் இல்லை என்று தவணை ஒப்பந்தத்தில் எழுதி, நாமும் ஒப்புக் கையெழுத்திட்டால், அங்கே அதற்கு மதிப்புண்டு. ஆகவே வங்கித் தாளையும் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019 முதல் 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். வக்கீல் கிடையாது, வியாபாரியும் நாமும் நேருக்கு நேர். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

நாமும் இரண்டு மாதம் கழித்தே விழித்தோம். 1969-இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் கிரீன் லேன் அலுவலகத்தில் ஆலோசனை கேட்டோம். பழுதைச் சரிசெய்து தரும்படி விற்றவருக்கு முதலில் கடிதம் எழுதினோம். அவருக்கு அந்த வாய்ப்பைத் தரவேண்டும் என்பதும் சட்டம்தான். பதில் இல்லை. பிறகு பழுதுபார்த்து, ரசீதுடன் மனுச் செய்தோம். விசாரணை நாளில் அவரே சமரசத்துக்கு வந்தார். 3,000 வெள்ளி திரும்பியது. முதல் வாரமே எழுதியிருந்தால் நம் கை இன்னும் ஓங்கியிருக்கும். ஒன்றை மறவாதீர்கள்: கோபத்தில் தவணையை நிறுத்தினால் வியாபாரிக்கு நஷ்டமில்லை, வங்கி வந்து வண்டியை இழுத்துச் செல்லும்.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல், வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. பழைய காருக்கும் இது உண்டு. குறை தெரிந்தவன் பேசட்டும் என்பதே அதன் நியாயம். இந்நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டுமென்று கேட்போர் குரலோடு தொழிற்சங்கங்களின் குரலும் சேர வேண்டும்.

நேர்மையான வியாபாரிகள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. மோசக்காரனின் பெயர் வெளிவந்தால் முதலில் பிழைப்பவர் அவர்களே. எனவே கிளைக் கூட்டங்களில் இதையும் பேசுங்கள். வண்டி நுணுக்கம் தெரிந்த தோழர் ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பார். கார் வாங்கப் போகிறவருடன் அவர் போகட்டும். மனு எழுதத் தெரியாதவருக்குக் கிராணித் தோழர்கள் எழுதிக் கொடுக்கட்டும். சம்பளத்துக்குத் தனியாக நின்று பேசியபோது நமக்கு என்ன கிடைத்தது என்பது நமக்குத் தெரியும். கார் வாங்குவதற்கு மட்டும் ஏன் தனியாகப் போக வேண்டும்?