கருணைத் தொகையும் கணக்குத் தொகையும்

கிரேன் சாய்ந்து யாராவது செத்துப் போனால் மறுநாள் செய்தியில் மூணு விஷயம் கண்டிப்பாக இருக்கும். எத்தனை பேர், ஆபரேட்டர் தலைமறைவு, தலா எவ்வளவு லட்சம். 2020 பிப்ரவரி 19 ராத்திரி சென்னைக்குப் பக்கத்தில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் விழுந்து மூணு பேர் போனார்கள். அடுத்த நாளே கமல் ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். 2023 ஆகஸ்ட் 1 அதிகாலை மகாராஷ்டிராவில் ஷாஹாபூர் பக்கம் பாலம் கட்டும் ராட்சத இயந்திரம் சரிந்து இருபது பேர். நம்ம ஊர்ப் பசங்களும் அதில் உண்டு. மத்திய அரசு 2 லட்சம், மாநில அரசு 5 லட்சம் என்று அறிவித்தார்கள்.

கொடுக்கிறவங்க நல்லா இருக்கட்டும், அதைக் குறை சொல்ல வரலை. என் வருத்தமெல்லாம் அந்த 'நிவாரணம்', 'கருணைத் தொகை' என்கிற வார்த்தைகள் மேலதான். அதைக் கேட்டுக் கேட்டு, அடிபட்டவனும் அவன் வீட்டு ஜனமும் பணம் என்பது முதலாளி மனசு வைத்தால் வருவது என்றே நம்பிவிட்டார்கள். இல்லீங்க. அதுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு. வயசும் சம்பளமும் தெரிந்தால் எட்டாம் கிளாஸ் பையன் போட்டுவிடுவான்.

நான் வக்கீல் இல்லை. கிரேன் வாடகைக்கு விடுகிற ஒரு யார்டில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியவன். ஹைட்ரா, கிராலர், டெலஸ்கோப்பிக் பூம் எல்லாத்துக்கும் லாக் ஷீட் பார்த்து பில் போட்டவன். அங்கே தெரிஞ்சுக்கிட்டதுதான் இது.

முதல்ல சட்டம். 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2010-ல் பெயரைக் கொஞ்சம் மாற்றினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. பெட்டி மாறியிருக்கு, உள்ளே இருக்கிற கணக்கு அதேதான். ஆள் இறந்தால் மாசச் சம்பளத்தில் 50 சதவீதம், நிரந்தரமாக முழுசாக முடங்கிப் போனால் 60 சதவீதம். அதை வயசுக்கு உரிய ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயசுக்கு அந்த எண் 207.98. 40 வயசுக்கு 184.17. சின்ன வயசுன்னா எண் பெரிசு, இன்னும் உழைக்க வேண்டிய வருஷம் ஜாஸ்தி இல்லையா.

சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2010-லிருந்து 8,000 ஆக இருந்ததை 2020 ஜனவரியில் 15,000 ஆக்கினார்கள். அந்த 15,000-ஐ வைத்தே போட்டுப் பாருங்க. 30 வயசு ஆள் இறந்தால் 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். முழுசாக முடங்கினால் 9,000 பெருக்கல் 207.98, அதாவது 18,71,820 ரூபாய். பைசா சுத்தமாக வருது. இதில் கருணை எங்கே இருக்கு?

இப்ப எனக்குத் தெரிந்த ஒரு ஆள் கதை. 2021-ல் நடந்தது. எங்க யார்டுக்கு வந்து போகிற ரிக்கர் பையன், வயசு முப்பது. கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு சைட்டில் பைப் கட்டு தூக்கும்போது ஸ்லிங் நழுவி, வலது கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். நாலாவது நாள் ஆஸ்பத்திரிக்கே சூப்பர்வைசர் வந்தார், கையில் இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்.

"தம்பி, ஒன்றரை லட்சம் தர்றோம். கை சரியானதும் வாட்ச்மேன் வேலையும் உண்டு. தப்பு உன் மேலதான், ஸ்லிங்கை நீதானே கட்டினே. கேஸுன்னு போனா இதுவும் கிடைக்காது."

"சரிங்கண்ணே" என்று சொல்லி இடது கையால் ரேகை வைத்துவிட்டான். எழுதப் படிக்கத் தெரிந்தவன், ரேகை! வேறு என்ன செய்வான், எழுதுகிற கை போயாச்சே.

அந்தச் சூப்பர்வைசர் சொன்னதில் எத்தனை தப்பு என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒண்ணு, யார் தப்பு என்பதே இங்கே கேள்வி இல்லை. வேலை நேரத்தில், வேலையால் அடிபட்டால் முதலாளி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குடித்திருந்தான், பாதுகாப்பு விதியை வேணும்னே மீறினான் என்று நிரூபித்தால் தப்பிக்க ஒரு சந்து உண்டு. ஆனால் மரணத்துக்கும் முழு முடக்கத்துக்கும் அந்தச் சந்தும் அடைப்பு.

ரெண்டு, "நீ எங்க ஆள் இல்ல, சப்-கான்ட்ராக்ட் ஆளு" என்பது செல்லாது. வேலை கொடுத்த பெரிய கம்பெனியிடமே கேட்கலாம். அவர்கள் கொடுத்துவிட்டு சப்-கான்ட்ராக்டரிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும்.

மூணு, அந்த ஸ்டாம்ப் பேப்பர். இழப்பீட்டு உரிமையை விட்டுக் கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினால் அது செல்லவே செல்லாது. தொகை பேசி முடித்தாலும் தொழிலாளர் துறையில் இதற்கென்று உள்ள அதிகாரியிடம் பதிவு பண்ணணும். தொகை குறைவு என்று தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம்.

நாலாவதுதான் எனக்கு எரிச்சல். டபிள்யூ.சி. பாலிசி காப்பி இல்லாமல் பெரிய சைட் எதிலும் கேட் பாஸ் தர மாட்டார்கள். அப்போ பிரீமியம் கட்டியாச்சு, பணம் இன்ஷூரன்ஸ் கம்பெனி தரப் போகுது. அப்புறம் ஏன் ஒன்றரை லட்சத்துக்குப் பேரம்? பாலிசியில் பத்துத் தலை, சைட்டில் இருபத்தஞ்சு தலை. கணக்கு எழுதினவனுக்குத் தெரியாதா :-)

கை முழுசாகப் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி 60 சதவீத முடக்கம். 18,71,820-ல் 60 சதவீதம் 11,23,092. ஒன்றரை லட்சம் எங்கே, இது எங்கே. அதுவும் கூட குறைந்தபட்சம்தான். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. சினிமா தியேட்டர் வேலையில் விழுந்து ஒரு கையை இழந்த தச்சர் வழக்கு. ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே அவருக்கு அது 100 சதவீத முடக்கம் என்றார்கள். பணம் விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது, தீர்ப்பு வரும் நாளில் இல்லை என்றும் சொன்னார்கள். ரிக்கருக்கும் இதே நியாயம்தானே? ஒத்தைக் கையால் ஷேக்கிள் மாட்ட முடியுமா?

நம்ம பையன் ஒரு தொழிற்சங்கத் தோழர் சொல்லி மனு போட்டான். அட்டவணைப்படி 60 சதவீதம் கிடைத்தது. 100-க்கு ஐகோர்ட் போகலாம் என்று சொல்லிப் பார்த்தோம், போதும்ணே என்றுவிட்டான். அவனுக்கு அலுத்துப் போச்சு. ரெண்டரை வருஷம் இழுத்தார்கள். அதுவரைக்கும் அவன் பெண்டாட்டி எக்ஸ்போர்ட் கம்பெனி தையலுக்குப் போய்த்தான் உலை கொதித்தது.

"அப்ப ஒன்றரை லட்சம் வாங்கினது தப்பா? அந்த வாரம் அரிசிக்கு என்ன பண்ணுவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பணத்தை வாங்குறதுல தப்பே இல்லை, 'முழுத் திருப்தியுடன்' என்று எழுதிக் கொடுப்பதில்தான் வில்லங்கம். முதலாளி மொத்தத் தொகையை மறுத்தாலும், தான் ஒத்துக்கொள்கிற அளவை உடனே கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல் தாமதித்தால் வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. காரணமே இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம். வட்டியை இன்ஷூரன்ஸ் தரும், அபராதம் முதலாளி சொந்தப் பையிலிருந்து. மேல்முறையீடு போகணும்னாலும் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போகணும். இத்தனை இருந்தும் ரெண்டரை வருஷம் ஆகுதுன்னா, சட்டத்தில் ஓட்டை இல்லை, அதைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் என் கருத்து. கேட்கிறவன் கூடினால் இழுக்கிறவன் குறைவான்.

வேற ரெண்டு வழியும் சொல்லிடறேன். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் இந்த இழப்பீடு கிடையாது, பதிலாக ஈ.எஸ்.ஐ.யே மாசாமாசம் தரும். நிரந்தர முடக்கத்துக்கு அது ஆயுள் முழுக்க. இன்னொன்று, நம்பர் பிளேட் உள்ள கிரேன் என்றால் அது மோட்டார் வாகனம். விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே சம்பள உச்சவரம்பு இல்லை, தொகை கூடலாம். ஆனால் எதிராளி கவனக்குறைவை நிரூபிக்கணும், ஆறு மாசத்துக்குள் மனு போட்டுவிடுவது நல்லது. தொழிலாளி ரெண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 2023 ஜனவரியில் அரக்கோணம் பக்கம் கீழ்வீதியில் கோயில் திருவிழாவில் கிரேன் சாய்ந்ததே, அங்கே பக்தர்கள் யாருக்கும் வேலையாட்கள் இல்லை. அவர்கள் மாதிரி ஆட்களுக்குத் தொழிலாளர் துறை வழி கிடையாது, தீர்ப்பாயமோ சிவில் கோர்ட்டோதான்.

உங்க தெருவில் சைட் வேலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் இதை மட்டும் சொல்லி வையுங்க. அடிபட்ட அன்றே கிரேன் நம்பரையும் லாக் ஷீட்டையும் போட்டோ எடுத்துக்கணும். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல், எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, கேட் பாஸ், சம்பளம் வந்ததற்கு பேங்க் மெசேஜ், எதையும் தூக்கிப் போடக்கூடாது. இழப்பீட்டு மனுவுக்கு ரெண்டு வருஷம் டைம். கையெழுத்து கேட்டால், "ஊர்ல பெரியவங்களைக் கேட்டுச் சொல்றேண்ணே" என்று சொல்லிவிட்டு, ஒரு பேப்பரில் வயசையும் சம்பளத்தையும் எழுதிப் பெருக்கிப் பார்க்கட்டும். அப்புறம் பேசட்டும்.