ரோட்டரியைக் கழற்றிவிட்டு வி8 மாட்டலாமா?

2006-ல் வந்த 'டோக்கியோ ட்ரிஃப்ட்' படம் பார்த்தவர்களுக்கு அந்த மஸ்டாங் ஞாபகம் இருக்கும். கதாநாயகனின் அப்பா இழுத்துப்போட்டு வைத்திருக்கும் 1967 மாடல் ஃபோர்டு. பையன் முதல் ரேஸிலேயே இடித்து நொறுக்கிய நிசான் சில்வியாவுக்குள் இருந்த ஆர்பி26 என்ஜினை உருவி இந்த மஸ்டாங்குக்குள் இறக்குவார்கள். நண்பர்கள் கூடுவார்கள், வெல்டிங் பொறி பறக்கும், பின்னணியில் இசை.... 'அண்ணாமலை'யில் ஒரே பாட்டில் ரஜினி பணக்காரர் ஆவாரே, அதே மாதிரி ஒரே பாட்டில் கார் ரெடி! :-)

படத்தில் அமெரிக்க காருக்கு ஜப்பான் இதயம். நிஜ உலகில் அதிகம் நடப்பதும், அதிகம் சண்டை வருவதும் இதற்கு நேர்த் தலைகீழான விஷயத்தில்தான். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் ரோட்டரி என்ஜினைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 என்ஜினை மாட்டுவது. அமெரிக்காவில் இதைப் பெரிய கம்பெனிகள் செய்வதில்லை. வீட்டுக் கார் ஷெட்டில், வார இறுதியில், ஒரு வாடகை என்ஜின் கிரேனை வைத்துக்கொண்டு சாதாரண ஆட்கள் செய்கிறார்கள். ஒரு கோஷ்டி இதைக் கோயில் சிலையைப் பெயர்ப்பதற்குச் சமமான பாவம் என்கிறது. இன்னொரு கோஷ்டி, "கம்மி காசுல டபுள் பவர், உனக்கென்னப்பா போச்சு?" என்கிறது.

இரண்டு கோஷ்டியும் தப்பான இடத்தில் நின்று சண்டை போடுகிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவின் கட்சி.

முதலில் அந்த ரோட்டரி என்ஜின் என்னவென்று தெரியாமல் இந்தச் சண்டை புரியாது. சாதாரண என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ரோட்டரியில் பிஸ்டனே கிடையாது. நடுவில் இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவ அறை, அதற்குள் பக்கங்கள் உப்பிய ஒரு முக்கோணம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றிலேயே பெட்ரோலை உறிஞ்சி, அமுக்கி, எரித்து, புகையைத் தள்ளிவிடும். வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கல் யோசித்தது. என்எஸ்யு கம்பெனியிடமிருந்து 1961-ல் உரிமம் வாங்கிய மாஸ்டா, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் இரட்டை ரோட்டரியை வைத்து விற்றது. மற்ற கம்பெனிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகும் மாஸ்டா மட்டும் விடாப்பிடியாக நின்றது. 1991-ல் நான்கு ரோட்டார் வைத்த 787பி கார் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தது. ஒரு ஜப்பானிய கம்பெனி அந்தப் பந்தயத்தை வென்றது அதுதான் முதல் முறை.

அதே ஆண்டு கடைசியில் ஜப்பானில் வந்ததுதான் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, ரசிகர்கள் பாஷையில் 'எஃப்டி'. என்ஜின் அளவு வெறும் 1308 சிசி. அமெரிக்காவில் விற்ற காரில் இரண்டு டர்போவோடு 255 குதிரைத்திறன். ஒப்பிட்டுப் பார்க்க, 2005-ல் இந்தியாவுக்கு வந்த மாருதி ஸ்விஃப்டும் 1.3 லிட்டர்தான், அதன் திறன் 87. (ரோட்டரியின் சிசி கணக்கே தனி, பந்தயங்களில் அதைக் கூடுதலாகப் பெருக்கித்தான் பார்ப்பார்கள் என்று யாராவது வருவார்கள். சரிதான். ஆனாலும் 255 என்பது 255தான்.) காரின் எடையோ கிட்டத்தட்ட 1,300 கிலோ. இவ்வளவு சின்ன என்ஜின் முன் சக்கரங்களுக்குப் பின்னால் தள்ளி, தாழ்வாக உட்கார்ந்திருப்பதால், கார் வளைவில் திரும்புகிற அழகே தனி என்பார்கள்.

இப்போது கெட்ட செய்தி. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் 'ஏபெக்ஸ் சீல்' என்ற மெல்லிய பட்டைகள் உண்டு. அறைகளுக்கு இடையே காற்று கசியாமல் காப்பது அவைதான். அந்தச் சீலுக்கு வழுவழுப்பு வேண்டும் என்பதற்காக என்ஜினே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை அறைக்குள் விட்டு எரித்துக்கொள்ளும். ஆயில் குடிப்பது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி! பெட்ரோல் கலவையில் சின்னத் தவறு வந்து உள்ளே தட்டல் ஏற்பட்டால் சீல் உடையும். உடைந்த துண்டு அறைச் சுவரைக் கீறிவிட்டு, போகிற போக்கில் டர்போவையும் பதம் பார்த்துவிட்டுப் போகும். போதாக்குறைக்கு எஃப்டியில் இரண்டு டர்போவும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய ஏகப்பட்ட வேக்குவம் ஹோஸ்கள். சூட்டில் அவை காய்ந்து வெடிக்க, எது எங்கே கசிகிறது என்று தேடுவதற்குள் தலை நரைத்துவிடும். சாதாரண கம்ப்ரெஷன் கேஜை வைத்து இந்த என்ஜினைச் சரியாகச் சோதிக்கக்கூட முடியாது, மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். தெரு முனை மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

ஆகவே எஃப்டி வைத்திருக்கிற பலருக்கும் ஒரு நாள் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. என்ஜின் போய்விட்டது. மறுபடி ரோட்டரியே கட்டுவதா, வேறு என்ஜின் வைப்பதா?

எல்எஸ் இங்கேதான் நுழைகிறது. 1997-ல் கார்வெட் காரில் வந்த எல்எஸ்1, 5.7 லிட்டர், அலுமினிய பிளாக், 345 குதிரைத்திறன். கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே இல்லாமல் பிளாக்குக்குள்ளேயே இருப்பது பழைய பாணி என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்தப் பழைய பாணியால்தான் என்ஜினின் உயரமும் அகலமும் குறைந்து, ஆர்எக்ஸ்-7இன் குட்டி பானெட்டுக்குள் அடங்குகிறது. ரோட்டரியோடு டர்போ, இன்டர்கூலர், குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால், இரண்டுக்கும் எடை வித்தியாசமும் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. 1999 முதல் இதே குடும்பத்து என்ஜின்களை லட்சக்கணக்கான பிக்கப் வண்டிகளிலும் போட்டார்கள். அமெரிக்கக் காயலான் கடைகளில் கிடைக்காத ஊரே இல்லை.

"கம்மி காசு" கோஷ்டி இந்த இடத்தில்தான் கணக்கில் கோட்டை விடுகிறது. அவர்கள் ஒரு பக்கம் ரோட்டரியை மறுபடி கட்டும் செலவை எழுதுகிறார்கள். இன்னொரு பக்கம் காயலான் கடை என்ஜின் விலையை எழுதுகிறார்கள். ஆஹா, எவ்வளவு மிச்சம்! பி.காம். முதல் வருஷப் பையன்கூட இப்படி ஒரு பேரேட்டைக் கொண்டுபோய் நீட்டமாட்டான்.

என்ஜின் வந்து இறங்கியதும் மற்ற பற்றுகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். ரோட்டரியின் முறுக்குவிசை சுமார் 294 நியூட்டன் மீட்டர், எல்எஸ்1 தருவது சுமார் 475. மாஸ்டா கியர் பாக்ஸ் இதை நெடுநாள் தாங்காது, ஆகவே ஆறு கியர் கொண்ட டி56 பாக்ஸ் வேண்டும். எஃப்டியில் கியர் பாக்ஸையும் பின்புற டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட சட்டம் இணைத்துப் பிடித்திருக்கும். கியர் பாக்ஸ் மாறினால் அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை, டிஃபரன்ஷியலைப் பிடிக்க வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் புது நீளத்தில் செய்ய வேண்டும். என்ஜின் உட்கார முன்புறச் சட்டமே மாற வேண்டும். ஆயில் சம்ப், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், சைலன்சர் குழாய்கள், கிளட்ச், ஏசி குழாய். பிறகு வயரிங்! ஜிஎம் கம்ப்யூட்டர், திருட்டுத் தடுப்புச் சாவி இல்லையே என்று ஸ்டார்ட் ஆக மறுக்கும், அதற்குள் போய் அந்தப் பூட்டை எடுக்க வேண்டும். மாஸ்டாவின் ஆர்பிஎம் முள் ஜிஎம் பாஷையைப் புரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவும் முடிந்தால் பிரேக் போதுமா என்ற கேள்வி.

மொத்தத்தில் என்ஜின் விலை என்பது கல்யாணத்தில் தாலி விலை மாதிரி. அது இல்லாமல் கல்யாணம் இல்லை, ஆனால் அதை வைத்துக் கல்யாணச் செலவைச் சொல்லிவிட முடியாது.

இதைவிட மோசம், எழுதப்படாத செலவு. கல்லூரியில் வாய்ப்புச் செலவு என்று பாடம் நடத்துவார்களே, அது. மாதக்கணக்கில், சில வீடுகளில் வருஷக்கணக்கில், எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த ஷெட்டுக்குள் போகின்றன. பாதியில் நின்றுபோனால் கதை இன்னும் சோகம். என்ஜின் இல்லாத கூடு ஒரு பக்கம், கூடு இல்லாத என்ஜின் ஒரு பக்கம், அட்டைப் பெட்டிகளில் பெயர் எழுதாத போல்ட்டுகள். "பாதியில் நின்ற ப்ராஜெக்ட்" என்று விற்பனைக்கு வரும் கார்களைப் பார்த்தால் தெரியும். போட்ட காசு திரும்புவதே இல்லை. மூழ்கிய செலவு என்ற பெயர் ரொம்பப் பொருத்தம்.

அப்படியானால் செய்யவே கூடாதா? செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதைச் சிக்கனம் என்ற தலைப்பில் பதியக்கூடாது. கணக்குப்பதிவியலில் 'எடுப்புகள்' என்று ஒரு கணக்கு உண்டு, முதலாளி தன் சொந்த ஆசைக்கு எடுத்துக்கொள்வது. அங்கே எழுத வேண்டும். திருமணமானவர்கள் மனைவியிடமும் அப்படியே சொல்லிவிடுவது உத்தமம். எடுப்பில் கிடைப்பதும் கொஞ்சநஞ்சம் இல்லை. எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் தொடுவார், தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகலாம். தன் காரில் ஒவ்வொரு போல்ட்டும் எங்கே போகிறது என்று தெரிந்த மனுஷன் ஒருத்தன் உருவாகிறான், அது எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் வராத சொத்து. (உயிரோடு இருந்தால்தான் அந்தச் சொத்து. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கக்கூடாது, ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். கிரேனில் தொங்குவது 200 கிலோ, அதன் அடியில் கையை நீட்டக்கூடாது.)

இப்போது பாவம் என்கிற கோஷ்டி. "ரோட்டரி இல்லாத ஆர்எக்ஸ்-7 ஆர்எக்ஸ்-7ஏ இல்லை" என்பது அவர்கள் வாதம். கேட்க உணர்ச்சிகரமாக இருக்கிறது. ஆனால் பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? பெரிதாக மாற்றிய வண்டி பழைய வண்டிதானா என்று முடிவு செய்ய ஒரு புள்ளிக் கணக்கு வைத்தது. சேஸிஸ் அல்லது உடற்கூட்டுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு? ஒன்றே ஒன்று! மொத்தம் 14-ல் 8 இருந்தால் பழைய பதிவு எண் தொடரலாம் என்று இருந்தது. குமாஸ்தாவின் கணக்குதான், காதலனின் கணக்கு இல்லை. ஆனாலும் வளைவில் திரும்பும் அழகு, அந்தக் கோடுகள், உட்காரும் தோரணை எல்லாம் 13 புள்ளிப் பக்கத்தில்தான் இருக்கின்றன. போவது அந்தச் சத்தமும், ஆர்பிஎம் ஏறும் வழுவழுப்பும். அது போவது இழப்புதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அவர்கள் ஒப்பிடும் இரண்டு கார்கள் தப்பு. எல்எஸ் போட்ட காரை, நன்றாக ஓடும் ரோட்டரி காரோடு ஒப்பிடுகிறார்கள். நிஜத்தில் அந்தக் காரின் மாற்று, என்ஜின் செத்து, தார்ப்பாய் மூடி, டயர் காற்று இறங்கிக் கிடந்த ஒரு கூடு. அந்தக் கூட்டை மறுபடி ரோட்டில் ஓடவைத்தவனைத் திட்ட என்ன இருக்கிறது?

உயிரோடு இருக்கும் ரோட்டரியைக் கழற்றுவது வேறு விஷயம். அதை ஆதரிக்க முடியாது. அமெரிக்காவில் எஃப்டி விற்றது 1993 முதல் 1995 வரையிலான மாடல்கள் மட்டுமே. ஜப்பானில் 2002-ல் தயாரிப்பே நின்றுவிட்டது. பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை சமீப வருஷங்களில் எகிறியிருக்கிறது, அதிலும் கைபடாத ஒரிஜினல் காருக்குத்தான் மவுசு. 2003-ல் ஒரு சாதாரண பழைய காராக இருந்தபோது சரியாகப் பட்ட முடிவு இன்றைக்குச் சரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கம்ப்ரெஷன் நன்றாக இருக்கும் எஃப்டிக்குள் கிரேனை விடுபவர், சொந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் தூக்கி வெளியே வைக்கிறார்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். புகை விஷயத்தில் கறாரான கலிஃபோர்னியாவில்கூட இதற்கு வழி இருக்கிறது. உள்ளே வரும் என்ஜின் காரின் ஆண்டோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும், அந்த என்ஜினோடு பிறந்த புகைக் கட்டுப்பாட்டு உபகரணங்கள் எல்லாம் கூடவே வர வேண்டும், பிறகு 'ரெஃப்ரி' என்றே பெயர் கொண்ட பரிசோதகரிடம் காட்டி ஒட்டுச்சீட்டு வாங்க வேண்டும். 1994 எஃப்டிக்குள் 1998 எல்எஸ்1 என்றால் வயசுக் கணக்கு இடிக்காது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தால் ரெஃப்ரி சிவப்பு அட்டைதான் காட்டுவார்.

இன்னொரு விஷயத்தைப் பாவ கோஷ்டி கவனிப்பதே இல்லை. எல்எஸ் போடுகிறவர் கழற்றிய ரோட்டரியை என்ன செய்கிறார்? பெரும்பாலும் விற்றுவிடுகிறார். ஒரு ரோட்டார் பக்கம் சீல் உடைந்திருந்தால் மற்ற பக்கத்து ஹவுசிங் நன்றாகவே இருக்கலாம். கியர் பாக்ஸ், அந்த நீண்ட சட்டம், வயரிங், கீறல் படாத டர்போ.... எல்லாம் இன்னொரு எஃப்டிக்குத்தான் போய்ச் சேருகின்றன. வி8 போட்டவரைத் திட்டிக்கொண்டே, அவர் விற்ற ஹவுசிங்கை வாங்கி மாட்டித் தன் ரோட்டரியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிச்சயம் உண்டு :-)