ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுக்கு ஒலிம்பிக் செலவு எதற்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. கணக்கியல் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் எவ்வளவு கடுப்பில் இருக்கிறேன் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

போன கிழமை எங்கள் இளையோர் தெலமார்க் அணியின் பெற்றோர் கூட்டம். கழகத்தின் பெயர் வேண்டாம், ஒஸ்லோப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது போட்டிகளில் ஓடுவதில்லை. வணிகம் படிக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக அணியின் கணக்குப் புத்தகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். கிழமையில் இரண்டு நாள் சின்னவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன்.

கூட்டத்தில் முன்வைத்தது இதுதான்: ஒக்டோபரில் ஒஸ்திரியாவில் ஐந்து நாள் பனியாற்று முகாம். ஒரு பிள்ளைக்கு 12,000 குரோணர். "கட்டாயம் இல்லை" என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, குளிர்காலத்தில் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் அணியை அந்த முகாமில்தான் தெரிவு செய்வோம் என்றார்கள். கட்டாயமில்லாத கட்டாயம்!

அடுத்தநாள் என் குழுவில் இருக்கும் 14 வயதுப் பிள்ளை ஒருத்தி செய்தி அனுப்பினாள். இந்த வருடம் படிப்பு அதிகமாம், வரமாட்டாளாம். படிப்பு காரணமில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் படிப்பைப் பற்றியே எழுதிக்கொண்டோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தெலமார்க் என்றால் என்ன என்று வகுப்பு நண்பர்களே கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான மலைச்சரிவு ஸ்கீயில் சப்பாத்தின் முன்பக்கமும் குதிக்காலும் ஸ்கீயோடு பூட்டப்பட்டிருக்கும். தெலமார்க்கில் குதிக்கால் சுதந்திரம். திரும்பும்போது ஒரு காலை முன்னே விட்டு, பின்கால் குதியைத் தூக்கி, முழங்காலை மடித்து இறங்கவேண்டும். நான் சறுக்குவதை முதல்முதலாகப் பார்த்த எங்கள் மாமா, "அதென்ன, ஒவ்வொரு வளைவிலும் கும்பிட்டுக்கொண்டு வாறாய்?" என்று கேட்டார். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

போட்டியில் நேரம் மட்டும் போதாது. வாயில்களின் ஓரத்தில் நடுவர்கள் நிற்பார்கள். தெலமார்க் நிலை சரியில்லை என்றால் அந்த வாயிலுக்கு ஒரு விநாடி தண்டம். கிளாசிக் பிரிவில் ஒரு பாய்ச்சலும், ஒரு 360 பாகை வளையமும், ஸ்கேற்றிங் செய்து ஓடவேண்டிய பகுதியும் உண்டு. அதாவது தொடை, நுரையீரல், சமநிலை மூன்றும் வேண்டும். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த விளையாட்டின் பிதாமகர் சோந்த்ரே நூர்ஹெய்ம். 1825 இல் தெலமார்க் மாவட்டத்தின் மோர்கெடால் என்ற ஊரில் பிறந்தவர். சொந்த நிலமில்லாத ஏழைக் குடியானவர். குதிக்காலைச் சுற்றி, முறுக்கிய மரநாரால் ஒரு பிணைப்பைக் கட்டி, பாய்ந்தாலும் திரும்பினாலும் ஸ்கீ கழன்று போகாதபடி செய்தார். 1868 இல், 42 வயதில், இன்றைய ஒஸ்லோவான கிறிஸ்தியானியாவுக்கு வந்து போட்டியில் வென்று தலைநகரத்தை வாய் பிளக்க வைத்தார். 1884 இல் பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். 1897 இல் வட டக்கோட்டாவில் இறந்தார். கைக்குக் கிடைத்த மரத்தில் செய்த ஸ்கீ, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு, சோறு போடாத கலை. இதுதான் எங்கள் விளையாட்டின் ஆரம்ப மூலதனம்.

1952 ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்குக்கான தீபத்தை எங்கே ஏற்றினார்கள் தெரியுமா? மோர்கெடாலில், அதே நூர்ஹெய்மின் வீட்டு அடுப்பில். 1960 ஸ்குவோ வலி ஒலிம்பிக்குக்கும் அங்கேயேதான். ஸ்கீ பாய்ச்சலில் நடுவர்கள் புள்ளி போடும் அந்த அழகான இறக்கத்துக்குப் பெயரும் தெலமார்க்தான். ஆனால் தெலமார்க் ஒலிம்பிக்கில் இல்லை! 2022 பெய்ஜிங்குக்காகச் சர்வதேசச் சம்மேளனம் கேட்டது. 2018 ஜூலையில் ஒலிம்பிக் குழு ஏழு புதிய போட்டிகளைச் சேர்த்தது, அதில் தெலமார்க் இல்லை. 2026 மிலான்-கோர்ட்டினாவுக்குப் புதிதாகப் போனது மலையேற்றப் பனிச்சறுக்கு. நாங்கள் மறுபடியும் வாசலில்.

இதைக் கேட்டால் அணியில் எல்லோருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரியும். ஆனால் ஒரு வணிக மாணவனாக இன்னொரு கேள்வி கேட்கிறேன். மலைச்சரிவு ஸ்கீக்காரர்கள் பிள்ளையைக் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் பனியாறுகளுக்கு அனுப்புகிறார்கள். அது சரியோ பிழையோ, அங்கே ஒரு லொத்தர் பரிசாவது இருக்கிறது: ஒலிம்பிக், விளம்பரதாரர், தொலைக்காட்சிப் பணம். எங்களிடம் என்ன இருக்கிறது? உலகக் கிண்ணத்தில் ஓடுபவர்களே தங்கள் செலவுக்குத் தாங்களே வழி தேடுகிறார்கள். பரிசே இல்லாத லொத்தருக்கு ஏன் அதே விலையில் ரிக்கெட் விற்கிறோம்?

இனி என் சொந்தக் கதை. 2018 ஒக்டோபர், எனக்கு 15 வயது. அதே மாதிரி ஒரு முகாம். வீட்டில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அம்மா, "உனக்கு உது தேவையோ?" என்று தொடங்கினார். அப்பா இடைமறித்து, "காசு ஒரு பிரச்சினை இல்லை, நீ போட்டு வா" என்றார். போனேன். முதல் நாள் சறுக்கினோம். இரண்டாம், மூன்றாம் நாள் மேலே காற்று, லிப்ட் பூட்டு. அறைக்குள் இருந்து காட்ஸ் விளையாடினோம். மிச்சம் இரண்டு நாள் சறுக்கினோம். ஒரே ஒரு சரிவு, அதிலே பல நாட்டு அணிகள். ஒருமுறை இறங்கிவிட்டு அரைமணி நேரம் வரிசை.

அந்த முகாமும் ஏறக்குறைய இதே செலவுதான், ஆகவே இன்றைய விலையிலேயே கணக்குப் போடுவோம். மூன்று நாள், நாளுக்கு எட்டு ஓட்டம், மொத்தம் 24. 12,000 ஐ 24 ஆல் பிரித்தால் ஓர் ஓட்டத்துக்கு 500 குரோணர். ஓர் ஓட்டம் ஒரு நிமிடம்கூட இல்லை.

அந்தப் பருவத்தில் என் முதல் போட்டி சனவரிக் கடைசியில். எனக்கு விழுந்த தண்ட விநாடிகள் முந்தைய வருடம் போலவே, அதே காரணத்துக்காக: இடதுகால் பின்னால் போகும்போது பாரத்தை அதன்மேல் வைக்காமல் வாலைப்போல இழுத்துக்கொண்டு வந்தேன். கால் பலவீனம். அடுத்த வருடம் அதைத் திருத்தியது எந்தப் பனியாறும் இல்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டுத்தான். ஒரு காலால் ஏறு, முழங்காலை மடி, இறங்கு. இலவசம்.

பிறகொருநாள் அம்மா வாய்தவறிச் சொன்னார். அந்த ஒக்டோபர் முழுக்க அப்பா வழமையான வேலை முடிந்து இரவில் அலுவலகங்கள் துப்பரவாக்கப் போனாராம். நான் காட்ஸ் விளையாடிய இரண்டு நாளின் விலையும் அதற்குள் அடக்கம். அப்பா இன்றுவரை என்னிடம் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம்.

"பனியின் உணர்வு காலில் வரவேண்டும், அதற்கு முன்கூட்டியே பனி வேண்டும்." ஒப்புக்கொள்கிறேன். உருளை ஸ்கீயும் படிக்கட்டும் விளிம்பைப் பனியில் கடிக்க வைக்கும் உணர்வைத் தராது. ஆனால் 2018 இல் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. 2020 சனவரியில் ஒஸ்லோவுக்குப் பக்கத்திலே லோரன்ஸ்கூக்கில் வருடம் முழுக்க இயங்கும் உள்ளக ஸ்கீ மண்டபம் திறந்தாயிற்று. பஸ்ஸில் போய் மாலையில் வீடு திரும்பலாம். காற்றுக்குப் பூட்டமாட்டார்கள். சரிவு சின்னது, உண்மைதான். 13 வயதுப் பிள்ளை பின்காலில் பாரம் வைக்கப் பழகச் சின்னச் சரிவு தாராளம்.

"மற்றக் கழகங்கள் போகின்றன, நாங்கள் பின்தங்கிவிடுவோம்." இதுதான் எல்லாச் செலவுக்கும் தாய். அவர்கள் எங்களைப் பார்த்துப் போகிறார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்துப் போகிறோம். எல்லோரும் எழும்பி நின்று படம் பார்ப்பது போல, யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரிவதில்லை, கால் மட்டும் வலிக்கிறது.

"டுக்னாட் செய்து காசு சேர்க்கலாம்." தெரியாதவர்களுக்கு: டுக்னாட் என்பது நோர்வேயின் கூட்டுச் சிரமதானம். கழகங்கள் காசு சேர்க்க டொய்லெட் பேப்பர் விற்கும். சிரிக்காதீர்கள், உண்மை. எங்கள் சொந்தக்காரரில் என்னிடம் டொய்லெட் பேப்பர் வாங்காத வீடில்லை. ஆனால் யாருடைய பிள்ளை அதிகம் விற்கிறது? அப்பாவின் அலுவலகத்தில் நூறு பேர் இருக்கும் பிள்ளை. அம்மா தனியாக இரவுவேலை செய்யும் பிள்ளை யாருக்கு விற்கும்?

"அது அனுபவம், நட்பு, சந்தோசம்." சரி. அப்படியென்றால் சுற்றுலா என்று பெயர் வையுங்கள். அணித் தெரிவை அதற்குள் செருகாதீர்கள்.

நோர்வேயின் விளையாட்டுச் சம்மேளனம் சிறுவர் விளையாட்டுக்கென்று 1987 இலேயே விதிகள் வகுத்தது. 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல்கூடப் போடக்கூடாது. உலகமே பாராட்டும் விதிகள், நானும் பாராட்டுகிறேன். ஆனால் அவை 12 வயது வரைக்கும்தான். 13 இல் விதி முடிகிறது, விலைப்பட்டியல் தொடங்குகிறது. "எல்லோருக்கும் விளையாட்டின் மகிழ்ச்சி" என்பது சம்மேளனத்தின் முழக்கம். அதன் கீழே சின்ன எழுத்தில் "12,000 குரோணர் நீங்கலாக" என்று போடலாம்.

இன்னொன்று. அந்தப் பனியாறுகளும் எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே வருடங்களில் தங்கள் கனவளவில் சுமார் 10 வீதத்தை இழந்தன. உருகும் பனியைத் தேடி விமானத்தில் பறந்து, அதன்மேல் நின்றுகொண்டு பனி குறைந்துவிட்டது என்று கவலைப்படுவது... என்ன சொல்ல!

பொருளியலில் அமையச் செலவு என்று ஒன்று உண்டு. ஒன்றைத் தெரிவு செய்ததால் கைவிட்டுப்போன அடுத்த நல்ல தெரிவுதான் அதன் உண்மையான விலை. பத்துப் பிள்ளைகள் போனால் 1,20,000 குரோணர். அதில் பாதி இருந்தாலே வளரும் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பாவிக்கப் பொதுவான சப்பாத்தும் பிணைப்பும் கொண்ட அலுமாரி ஒன்று உருவாக்கலாம். மண்டபத்தில் பல மாலைகள் பயிற்சி எடுக்கலாம். பனி விழுந்ததும் எங்கள் ஊர்ச் சரிவில் முதல் வாரயிறுதியை எல்லோருமாகக் கழிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்கப்போகிறேன். ஒன்று, சனவரிக்கு முன் அணித் தெரிவு கூடாது. இரண்டு, பருவத்தின் முழுச் செலவையும் ஓகஸ்டிலேயே பெற்றோருக்குக் காட்டவேண்டும். மூன்று, கழகத்தின் பொதுப்பணத்தில் ஒரு குரோணர்கூட பனியாற்றுக்குப் போகக்கூடாது. போக விரும்புபவர்கள் சொந்தச் செலவில் போகட்டும். பெரும்பாலும் தோற்பேன் என்று நினைக்கிறேன். தோற்றால் கணக்குப் புத்தகத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவேன். பயிற்சியை மட்டும் விடமாட்டேன்.

இன்று மாலை படிக்கட்டில் பயிற்சி. அந்தப் பிள்ளைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்: "அணி கிடக்கட்டும், படிக்கட்டுக்குக் காசில்லை, வா." இன்னும் பதில் வரவில்லை.

நான் சொன்னதில் பிழை இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் திட்டுவதற்கு முன் ஒருமுறை வீட்டில் கேட்டுப் பாருங்கள், உங்கள் முகாமுக்கு யார் இரவுவேலை செய்தார்கள் என்று.