ஒல்லாந்தர் ஏன் தோற்றார்கள்?

வன்னியின் பண்பாட்டு வரலாறு பற்றி ஒரு சகோதர இதழில் வந்த நீண்ட கட்டுரையை நமது வாசகர்களில் பலர் படித்திருப்பார்கள். அதில் கத்தோலிக்கத்துக்குக் கிடைத்தது ஒரேயொரு பந்தி. பீரங்கியோடு வந்தது, பீரங்கி போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்த மண்ணில் அதற்கு வேர் இல்லை. சாரம் இவ்வளவுதான். பின்காலனியம் படித்த சூட்டோடு எழுதியிருக்கிறார். குளத்துக்கும் வயலுக்கும் பக்கம் பக்கமாக ஆதாரம் தேடியவர், இதற்கு மட்டும் ஆதாரமே தேவையில்லை என்று நினைத்ததுதான் எரிச்சலாக இருக்கிறது.

பீரங்கிதான் மதத்தைத் தரும் என்றால், ஒல்லாந்தர் ஏன் தோற்றார்கள்?

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை நேரே ஆண்டது 1619 இலிருந்து 1658 வரை. நாற்பது வருடம்கூட இல்லை. ஒல்லாந்தர் இருந்ததோ 1795 வரை. கோட்டை அவர்களுடையது, காணிப் பதிவேடான தோம்பு அவர்களுடையது, பள்ளிக்கூடமும் அவர்களுடையது. உத்தியோகம் வேண்டுமா, அவர்களுடைய ஞானஸ்நானம் வேண்டும். கத்தோலிக்கக் குருவுக்கு ஒளிக்க இடம் கொடுத்தால் உயிர் போகும் என்று வந்த வருடமே கட்டளை போட்டார்கள். ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் 1672 இல் அச்சிட்ட நூலைப் புரட்டிப் பாருங்கள்: ஊர் ஊராகக் கோயில், கோயிலுக்குக் கோயில் தொகை. அந்தத் தொகையெல்லாம் எங்கே? கொடி இறங்கியதும் கரைந்து போயிற்று. சைவர்கள் சைவத்துக்குத் திரும்பினார்கள் என்பதுகூடச் சரியில்லை. வீட்டுக்குள் அவர்கள் அதை விட்டதே இல்லை. நூற்றுமுப்பத்தேழு வருடம் அரசும் சட்டமும் சம்பளமும் பின்னால் நின்ற மதம் நிலைக்கவில்லை. அதே நூற்றுமுப்பத்தேழு வருடம் தடை செய்யப்பட்டிருந்த மதம் நிலைத்தது. கட்டுரையாசிரியரின் கோட்பாட்டுப் பெட்டிக்குள் இது எந்த அறையில் அடங்கும்?

ஒளிக்க வன்னி இடம் கொடுத்தது என்பதே விடையின் பாதி. வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானையாகத் திறை கட்டினார்கள். மனம் வந்தபோது கட்டினார்கள். காட்டுக்குள் ஒல்லாந்தக் கொம்பனியின் கை அவ்வளவாக நீளவில்லை. 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி மருதமடுவில் தங்கின என்பது மடுவின் மரபு. அந்தச் சனத்துக்கு முன்னே பீரங்கி போகவில்லை. பின்னால்தான் வந்தது.

மீதிப் பாதி யோசே வாஸ். 1687 இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கியவர் போர்த்துக்கேயர் அல்லர், கோவாவைச் சேர்ந்த கொங்கணிப் பிராமணர். சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் பூசை வைத்தார். பிறகு கண்டிக்குப் போய், வேவுகாரன் என்ற சந்தேகத்தில் 1692 இல் சிறைப்பட்டார். பின்னர் அவருக்கு நடமாட இடம் தந்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த அரசன். 1711 இல் அவர் கண்டியிலேயே இறந்தார். அவருக்குத் துணையாக 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெசும் கோவாக்காரர்தான். அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இன்றும் தவக்காலத்தில் நமது கோயில்களில் இராகம் இழுத்து வாசிக்கிறார்கள். மகனை இழந்த தாயின் புலம்பலை இந்தப் பிரதேசத்துப் பெண்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பின்வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தவர் ‘வேர்’ என்ற சொல்லை இவ்வளவு இலேசாகக் கையாளமாட்டார். மடு மண்ணை ஒரு சரையில் மடித்து வீட்டு வளையில் செருகி வைப்பவர்களில் சைவர்களும் உண்டு. பாம்பு தீண்டாது என்பது நம்பிக்கை. வன்னியில் வயல் செய்கிறவனுக்குப் பாம்பைவிடப் பெரிய இறையியல் பிரச்சினை கிடையாது.

கூத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964 இல் பதிப்பித்த ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ மன்னார்க் கூத்து. அந்தப் பெயரே ஒரு இரவு முழுக்க ஆடக்கூடியது. எங்கோ ஐரோப்பாவில் இருந்த ஒரு சக்கரவர்த்தி கட்டியகாரன் கட்டியம் கூற வரவு விருத்தத்தோடு களரிக்கு வருகிறான். மத்தளத்துக்குத் தோதாகக் காலை வைக்காவிட்டால் சக்கரவர்த்தியென்றும் பாராமல் அண்ணாவியார் முறைப்பார். முல்லை மோடியில் கோவலன் கூத்து ஆடிய அதே வன்னிக்கு அயலில்தான் இது ஆடப்பட்டது. இரண்டையும் விடிய விடியப் பார்த்தவர்களுக்கு ஒன்று சுதேசி, மற்றது பரதேசி என்று தோன்றியதில்லை. அண்ணாவிமாரின் ஏட்டுப் பெட்டகங்கள் இடப்பெயர்வுகளில் எங்கெங்கே கைவிடப்பட்டன என்பதை அந்த இதழ் எழுதியிருந்தால் நாமும் கைதட்டியிருப்போம்.

இதையெல்லாம் திருச்சபைக்கு வக்காலத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருக்கேதீச்சரத்தை இடித்தவர்களும் நல்லூரை இடித்தவர்களும் சிலுவை போட்ட கொடியின் கீழ்தான் வந்தார்கள். 1544 இல் சங்கிலி மன்னாரில் அறுநூறு பேரளவில் வெட்டுவித்தான் என்ற நினைவை வைத்துக்கொண்டு, இடித்த நினைவை மறந்துவிடுவது வேதக்காரருக்கு வசதியாக இருக்கிறது. சங்கிலியின் பெயரில் சிலை வைத்த தேசியவாதிகளின் மறதியும் அந்த வகைதான். ஒரே வேதம், சாதிக்கொரு கோயில் என்று வாழ்ந்துவிட்டு சமத்துவம் பற்றி மறையுரை செய்வதை இன்னொரு இதழில் பார்ப்போம். மாதாவை ஏழைகளிடமிருந்து பிரித்தது யார் என்று கேட்டு நூல் எழுதிய திஸ்ஸ பாலசூரியவை 1997 இல் சபைக்கு வெளியே தள்ளியவர்கள் பற்றியும் அப்போது பேசலாம்.

மாந்தையை மட்டும் இப்போதே சொல்லவேண்டும். 2019 சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் மாந்தைக் கத்தோலிக்கக் கோயிலுக்கு அருகில் நட்ட வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி விழுத்தினார்கள். படம் நாடெங்கும் போயிற்று. கும்பிட விடமாட்டார்கள் என்று சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் புறப்பட்ட அதே மாந்தை. அன்று அவர்கள் சிலர், எதிரே ஒரு கொம்பனி. 2019 இல் மன்னார் மாவட்டத்தில் அவர்கள்தான் தொகையில் பெரியவர்கள். வேறு விளக்கம் தேவையில்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் இந்த விசுவாசம் காட்டிய அழகும், தொகையும் ஆதரவும் சேர்ந்த இடத்தில் அது எடுக்கிற கோலமும் ஒன்றல்ல.

போர்க்காலத்தில் அதிகாரம் அதன் பக்கம் இருக்கவில்லை. மடுவின் மரங்களுக்குக் கீழ் தரப்பாள் கட்டி ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் இருந்தார்கள். 1999 நவம்பர் 20 இரவு கோயில் வளவில் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சுரூபமே மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. அந்த மாதம்தான் ‘கிளி பாதர்’ கருணாரட்ணம் அடிகள் கிளைமோரில் கொல்லப்பட்டார். 2009 மே 18 இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு பிரான்சிஸ் யோசப் அடிகளும் பஸ்ஸில் ஏறினார். ஏறியதைக் கண்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், இறங்கியதைக் கண்டவர் இல்லை. 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரச பதிவுகளையே கூட்டிக் கழித்து, 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்றார். அந்த எண் இன்றும் கேள்வியாகவே நிற்கிறது.

வேர் யாருக்கு இல்லை என்பதை இங்கேதான் தேடியிருக்க வேண்டும். வடக்கின் குருமார் 2012 இல் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குக் கடிதம் எழுதியபோது, அது உள்நாட்டு அலுவலில் தலையீடு என்று தெற்கின் திருச்சபை மேலிடம் பேசியது. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு தெற்கின் கோயில்களிலும் வெடித்த பிறகு, 2022 இல் அதே மேலிடம் நீதி கேட்டு அதே ஜெனீவாவுக்குப் போனது. அந்தக் கோரிக்கை நியாயமானது, நாமும் அதை ஆதரிக்கிறோம். வட்டுவாகலில் பஸ் ஏறிய குருவானவரின் பெயரையும் அந்த மனுவோடு சேர்த்திருந்தால் ஒரு வரிதான் கூடியிருக்கும்.