தனுஷ்கோடியில் பேய் இல்லை, ஊர்தான் இருக்கிறது

மதுரைக்குப் படிக்க வருகிற வெளியூர் மாணவன் முதல் மாதத்தில் பார்ப்பது அநேகமாக ஒரே பட்டியல்தான். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், நடுவில் ஒரு ஜிகர்தண்டா. இரண்டாவது மாதத்தில் ஊர் தீர்ந்துபோன மாதிரி இருக்கும் (தீராது, அது வேறு கதை). அப்போதுதான் விடுதியில் யாராவது "தனுஷ்கோடி போயிருக்கியா மச்சி? பேய் ஊருடா!" என்று ஆரம்பிப்பார்கள். சேலத்திலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வந்து, கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிற பையனுக்கு அது போதும். அடுத்த ஞாயிறு காலை ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான்.

பயணம் நல்ல பயணம்தான். மானாமதுரை, பரமக்குடி என்று பொட்டல் நீண்டுகொண்டே போகும். சீமைக்கருவேல், பனை, கண்மாய், மறுபடியும் சீமைக்கருவேல். மதுரையில் அவன் தினமும் பாலத்தில் கடக்கிற வைகையும் கூடவே வந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். மிஞ்சினால்தான் கடலுக்கு. அதற்குப் பிறகு பாம்பன். 1914-ல் திறந்த பழைய பாலம் ஓய்ந்து நிற்க, பக்கத்திலேயே 2025-ல் திறந்த புதிய பாலத்தில் ரயில் போகும். கைப்பேசிகள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே நீளும்.

கோளாறு அதற்குப் பிறகுதான். ராமேஸ்வரத்தில் இறங்கி, கோயிலில் வரிசையில் நின்று, சாப்பிட்டு, தனுஷ்கோடி போய்ச் சேரும்போது உச்சி வெயில். இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், அரிச்சல்முனையில் நாலு படம். சாயங்காலம் ஆனதும் வெளியூர்க்காரர்களைப் போகச் சொல்லிவிடுவார்கள். திரும்பி வந்து "யாருமே இல்லடா, அப்படியே பேய் ஊர்" என்று சொல்வான். பொய் சொல்லவில்லை பாவம். அவன் போன நேரம் அப்படி. கடல் தொழில் செய்பவர்கள் விடியற்காலையில் வேலையைத் தொடங்கி, அவன் வருவதற்குள் முடித்து, வெயிலுக்குக் குடிசைக்குள் போயிருப்பார்கள். அவர்கள் மறுபடி வெளியே வரும் நேரத்தில் இவன் வேனில் ஏறியிருப்பான். சங்கு, பாசிமணி விற்கும் அக்காவிடம் "இங்க யாராவது குடியிருக்காங்களாக்கா?" என்று கேட்பவர்கள்கூட உண்டு. கேட்கும்போது நிற்பது அந்த அக்காவின் வீட்டு வாசலாக இருக்கும்.

இந்த 'பேய்' என்ற சொல்லே உறுத்துகிறது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடிக்கும் வரை அது சென்னையையும் கொழும்பையும் இணைத்த துறைமுகம். எழும்பூரிலிருந்து போட் மெயில், இங்கே கப்பல், அந்தப் பக்கம் தலைமன்னாரில் மறுபடி ரயில். அந்த இரவில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் இன்னும் இருக்கக்கூடிய தூரத்தில்தான் அந்த ஆண்டு இருக்கிறது. அங்கே நின்று ஆவிக்கதை சொல்லி வீடியோ எடுப்பது என்ன ரசனையோ தெரியவில்லை.

புயலுக்குப் பின் அரசாங்கம் அதை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. மீனவர்கள் திரும்பி வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்பதற்கு அந்த மணல்திட்டின் அமைப்பே பதில். ஒரு பக்கம் பாக் கடல், மறு பக்கம் மன்னார் கடல். பெண்கடல், ஆண்கடல் என்பது அந்த ஊர்ப் பேச்சு. வாடைக் காலத்தில் ஒன்று கொந்தளித்தால் மற்றது அடங்கியிருக்கும், தென்மேற்குக் காற்றில் அது தலைகீழாகும். வலையைத் தூக்கிக்கொண்டு மணலைக் குறுக்கே கடந்தால் வேலை நடக்கும். இப்படி வசதியான இடத்தை எந்த மீனவர் விடுவார்?

தண்ணீர் இன்னொரு ஆச்சரியம். சுற்றிலும் உப்பு, ஆனால் மணலில் கொஞ்சம் ஆழம் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். மழைநீர் எடை குறைந்தது என்பதால், மணலுக்கு அடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மெதுவாக மொள்ள வேண்டும். அவசரப்பட்டால் உப்பு ஏறிவிடும். இதையெல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருப்பவர்கள் பெண்கள். இடிந்த தேவாலயத்தை நாற்பது கோணத்தில் படம் பிடிக்கிற நம் மாணவன் இந்த ஊற்றை ஒரு கோணத்தில்கூடப் பார்ப்பதில்லை.

2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. அதனால் மீன் வறுத்து விற்கிறவர்களுக்கும் சங்கு விற்கிறவர்களுக்கும் நாலு காசு வருகிறது, அதை மறுக்க முடியாது. 'பேய் ஊர்' என்ற விளம்பரமும் அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கைக் கொண்டுவருகிறது. ஆனால் ஆளே இல்லாத ஊர் என்று ஆயிரம் பேர் சொல்லித் திரிகிற இடத்தில் இருப்பவர் விளக்கு கேட்டால், மருத்துவமனை கேட்டால், யார் காதில் ஏறும்? பூநாரைகள் வந்து தங்குகிற இடம் என்று 2025-ல் தனுஷ்கோடியில் சரணாலயம் அறிவித்தாயிற்று. நல்ல காரியம். பறவை வாழ்வது கணக்கில் ஏறிவிட்டது.

ஆகவே மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைப்பவர்கள் நாளைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். மாட்டுத்தாவணியில் நள்ளிரவுக்கு மேல் பஸ் ஏறினால் விடிகிற நேரத்துக்கு ராமேஸ்வரம். கோயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது. முதல் டவுன் பஸ்ஸில் தனுஷ்கோடி போனால், காற்று சரியாக இருக்கிற நாளில் கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு வரிசையாக ஆட்கள், இடுப்பில் கயிறு, பின்பக்கமாக அடியெடுத்து வைத்து இழுப்பார்கள். கேட்டுவிட்டுக் கயிற்றில் கைவைத்தால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வலை கரையேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், செருப்பைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.